சேற்றில் நின்ற வண்டி

1955 செப்டம்பரில் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் இளைஞர்கள் ஆறு பேர் இரண்டு லாண்ட்ரோவர்களில் லண்டனை விட்டுக் கிளம்பி, மறு மார்ச்சில் சிங்கப்பூர் போய்ச் சேர்ந்தார்கள். அவர்களில் ஒருவரான டிம் ஸ்லெஸர் எழுதிய ‘ஃபர்ஸ்ட் ஓவர்லாண்ட்’ (1957) நூலில், ஊர்களைப் பற்றிய பக்கங்களை நான் வேகமாகவே புரட்டினேன். ஊர்களை யாரும் வர்ணிக்கலாம். லெடோ சாலை வழியாகப் பர்மாக் காட்டுக்குள் நுழைந்த பிறகுதான் நூலுக்கு உயிர் வருகிறது. யுத்தத்துக்காகப் போட்ட சாலை. பத்து வருஷத்தில் காடு அதைத் திரும்பக் கேட்கத் தொடங்கியிருந்தது. சேற்றில் சக்கரம் சுழலச் சுழலப் பள்ளந்தான் ஆழமாகும். மரத்தில் கயிறு கட்டி, வின்ச்சில் சுற்றி, அங்குலம் அங்குலமாக இழுக்க வேண்டும். பொறுமை போனால் கயிறும் போகும். மனிதர்களின் குணம் வெளிப்படுகிற இடம் இது. ஸ்லெஸரோ நல்ல நகைச்சுவையோடு இதைத் தாண்டிவிடுகிறார். ஆக்ஸிலேட்டரை அவசரப்பட்டு மிதித்தவனை மற்ற ஐவரும் அன்றிரவு எப்படிப் பார்த்தார்கள் என்று இன்னும் கொஞ்சம் சொல்லியிருக்கலாம்.