ஏட்டில் உள்ள பெயர்

கொல்லிமலையின் சோளக்காட்டுச் சந்தையில் மிளகு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு ஓர் அக்கா கேட்டார்: "பங்குன்னு ஆயிரம் ரூபா கட்டினனுங்க. ரசீது பத்திரமா இருக்குது. கம்பெனி ஏட்டுல என் பேரு இருக்குதுங்களா?"

ஒரு பங்குதாரர் முதலில் கேட்கவேண்டிய கேள்வியே இதுதான். ரசீது, பணம் கட்டியதற்குச் சாட்சி. உரிமைக்குச் சாட்சி உறுப்பினர் பதிவேடு. 2013ஆம் ஆண்டின் கம்பெனிச் சட்டப்படி ஒவ்வொரு கம்பெனியும் அதை வைத்திருக்கவேண்டும். யார், எந்த முகவரி, எத்தனை பங்கு, எந்தத் தேதியில் சேர்ந்தார், வாரிசாக யாரை நியமித்தார் என்பதெல்லாம் அதில் இருக்கும். வழக்கு என்று வந்தால் நீதிமன்றம் முதலில் புரட்டுவதும் அந்த ஏட்டைத்தான்.

கொல்லிமலையில் இந்தக் கேள்வி புதிது. எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990களிலிருந்து சாமை, தினை, கேழ்வரகு பயிரிடுவோரைக் குழுக்களாகச் சேர்த்துவந்தது. குழுவில் ஒருவரையொருவர் முகம் பார்த்தே தெரியும். கம்பெனி என்று வந்தபின் முகம் போதாது, பெயர் எழுத்தில் இருக்கவேண்டும். உழவர்களின் உற்பத்தியாளர் கம்பெனிக்கு இந்தியா 2002இல் தனி விதிகள் வகுத்தது. உறுப்பினர்கள் தனிநபர்களாக இருந்தால் ஒரு பங்கு வைத்திருப்பவருக்கும் நூறு பங்கு வைத்திருப்பவருக்கும் ஒரே வாக்கு. பங்கை வெளியாருக்கு விற்கமுடியாது. இயக்குநர் குழு ஒப்புக்கொண்டால் இன்னொரு உறுப்பினருக்கு முகமதிப்பில் மாற்றலாம்.

இலங்கையின் மலையகத்தில் கதை வேறு. 1992இல் அரசுத் தோட்டங்கள் பிராந்தியப் பெருந்தோட்டக் கம்பனிகளாகப் பிரிக்கப்பட்டன. பிறகு பங்குகளை விற்றபோது பத்து சதவீதம் ஊழியர்களுக்கு இலவசமாக ஒதுக்கப்பட்டது. கொழுந்து பறித்த கைகளில் பங்குச் சான்றிதழ் வந்தது. தமிழ்நாட்டிலிருந்து போன மூதாதையரின் பேரப்பிள்ளைகள் தாங்கள் உழைத்த தோட்டத்துக்கே பங்குதாரர் ஆனார்கள். ஆனால் அங்கே வாக்கு பங்கின் எண்ணிக்கைப்படி. சந்தையில் பட்டியலிட்ட கம்பனியின் பங்கு என்றால் யாரும் வாங்கலாம், யாரும் விற்கலாம். தோட்டத்தொழிலாளியின் பங்கு அப்படியே கொழும்புக்குக் கைமாறிப் போகும் வழியையும் சட்டம் திறந்தே வைத்தது. அந்த ஒரு விஷயத்தில் சோளக்காட்டுப் பங்குதான் பத்திரமானது என்பேன்.

ஏட்டைப் பார்ப்பதிலோ இலங்கைச் சட்டத்தின் கை திறந்திருக்கிறது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டப்படி, எழுத்தில் அறிவித்தல் கொடுத்த எவரும் பங்குப் பதிவேட்டைப் பார்வையிடலாம். பட்டியலிட்ட கம்பனிகள் முதல் 20 பெரிய பங்குதாரர்களை ஆண்டறிக்கையிலேயே அச்சிடவேண்டும். இந்தியாவில் உறுப்பினர் கட்டணமின்றிப் பார்க்கலாம், மற்றவர் கட்டணம் செலுத்தவேண்டும். பார்க்கவிடாமல் மறுத்தால் நாளொன்றுக்கு 1,000 ரூபாய் வீதம் ஒரு லட்சம் வரை தண்டம் உண்டு.

ஆனாலும் அச்சிட்ட பட்டியல் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. களனிவெளி பிளான்டேஷன்ஸின் பட்டியலில் முதலில் நிற்பது டிபிஎல் பிளான்டேஷன்ஸ். அதற்கு மேலே டிப்ட் புராடக்ட்ஸ், அதற்கும் மேலே ஹேலீஸ் குழுமம். பெயருக்குப் பின்னால் பெயர் என்று ஏறிப்போனால்தான் முடிவெடுக்கும் இடம் தெரியும். அந்த ஏற்றத்தில் கடைசியாக நிற்கும் மனிதர் யார் என்று அறிவிக்கும் கடமையை, பத்து சதவீதத்தை எல்லையாக வைத்து, இந்தியா 2018இல் விதியாக்கியது. இலங்கை 2025 திருத்தத்தில்தான் அதற்கு வந்தது.

கொல்லிமலைக்குப் பயம் மேலிருந்து அல்ல, கீழிருந்து வருகிறது. 2020இல் ஒன்றிய அரசு தொடங்கிய பத்தாயிரம் உற்பத்தியாளர் அமைப்புகள் திட்டத்தில் சமவெளியில் 300 பேரும் மலைப்பகுதியில் 100 பேரும் சேர்ந்தால் போதும் என்பது விதியானது. உறுப்பினர் கட்டிய பங்குப்பணத்துக்கு ஈடாக, தலைக்கு 2,000 ரூபாய் வரை அரசும் தரும் என்றது திட்டம். நல்ல ஏற்பாடுதான். ஆனால் தலைகளை எண்ணித்தான் பணம் என்னும்போது பெயர் சேர்க்கும் அவசரமும் கூடவே வரும். தனக்கே தெரியாமல் உறுப்பினரானவரும், பணம் கட்டியும் ஏட்டில் ஏறாதவரும் அந்த அவசரத்தில்தான் உண்டாகிறார்கள்.

பெயர்ச்சிக்கல் இரு மலைக்கும் பொது. இலங்கைத் தோட்டத்தில் செக்ரோல் என்னும் வருகைப் பதிவேட்டில் ஒரு பெயர், அடையாள அட்டையில் வேறொரு பெயர். சேமலாப நிதி கேட்டுப் போகும்போதுதான் அது தெரியவரும். இங்கே வீட்டில் அழைக்கும் பெயர் ஒன்று, ஆதாரில் ஒன்று, தலைப்பெழுத்து முன்னால் ஒருமுறை, பின்னால் ஒருமுறை. ஓர் எழுத்துப் பிழை, மகள் தாயின் பங்கைக் கேட்கும் நாளில் மலையளவு நிற்கும்.

இதெல்லாம் சரிபார்க்க எழுபது கொண்டை ஊசி வளைவுகள் இறங்கி அலுவலகம் போகவேண்டுமா? வேண்டாம். உறுப்பினர்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்பட்டோர் வசிக்கும் ஊரில், சிறப்புத் தீர்மானம் போட்டு ஏட்டை வைக்கச் சட்டம் இடம் தருகிறது. பொதுக்குழுவில் கேட்டால் அந்த ஏடு மலைக்கே வரும். கேட்கவேண்டும்.

அந்த அக்காவிடம் மூன்றைப் பார்க்கச் சொன்னேன்: பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கிறதா, கட்டிய தொகை முழுதும் பங்காக ஏறியிருக்கிறதா, வாரிசுப் பெயர் எழுதியிருக்கிறதா. உற்பத்தியாளர் கம்பெனியில் உறுப்பினரான மூன்று மாதத்துக்குள் வாரிசை நியமிக்கவேண்டும்.

"அதுல யாரு பேர எழுதுனாங்கன்னே கேட்டதில்லீங்க," என்றார். ரசீதை மடித்துச் சுருக்குப்பையில் வைத்துக்கொண்டு, அடுத்த கூட்டம் எப்போது என்று பக்கத்து மூட்டைக்காரரிடம் விசாரிக்கப் போனார்.