சராசரி எனும் சல்லடை

அமெரிக்காவில் பள்ளி முடித்த கையோடு மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவது அபூர்வம். நான்கு வருடம் ஏதாவதொரு இளங்கலைப் படிப்பைப் படித்துவிட்டு, அந்த மதிப்பெண்ணையும் எம்கேட் எனும் நுழைவுத் தேர்வு மதிப்பெண்ணையும் கையில் வைத்துக்கொண்டுதான் எம்.டி. இடத்துக்கு விண்ணப்பிக்க வேண்டும். (எம்.டி. என்பது அங்கே முதல் மருத்துவப் பட்டம், நம்மூர் எம்.டி.யோடு குழப்பிக்கொள்ள வேண்டாம்.) ஆண்டுக்குச் சுமார் 52,000 பேர் விண்ணப்பிக்கிறார்கள், ஏறக்குறைய 23,000 பேர் சேர்கிறார்கள். சேர்ந்தவர்களின் ஜி.பி.ஏ., அதாவது பாட மதிப்பெண்களின் சராசரி, 4-க்கு 3.7-ஐத் தாண்டி நிற்கிறது. எம்கேட் சராசரி 528-க்கு 511-க்கு மேல்.

இந்தக் கூட்டத்தில் 3.1 வைத்திருப்பவருக்கு இரண்டு விதமான புத்திமதி கிடைக்கும். ‘வேறு வேலையைப் பார்’ என்பது ஒன்று. ‘மதிப்பெண் வெறும் எண்தான், உன் கதையை உருக்கமாக எழுது’ என்பது மற்றொன்று. முதலாவது கொடுமையானது, ஆனால் காசு செலவு வைக்காது. இரண்டாவதை நம்பி இருபது கல்லூரிகளுக்கு விண்ணப்பித்தால் ஆயிரம் டாலருக்கு மேல் கட்டணம் போகும், ஒரு வருடமும் போகும். இரண்டுமே எனக்கு ஏற்புடையவை அல்ல.

முதலில் அந்த எண் எப்படிப் பிறக்கிறது என்று பார்ப்போம். ஒரு மாணவி முதல் இரண்டு வருடம் 60 கிரெடிட் (பாட அலகு) படித்து 2.4 வாங்குகிறார். வீட்டுச் சூழலோ, வேலைக்குப் போய்க்கொண்டே படித்த களைப்போ, வெறும் பொறுப்பின்மையோ, காரணம் எதுவானாலும் சரி. பிறகு விழித்துக்கொண்டு அடுத்த 60 கிரெடிட்டில் 3.9 வாங்குகிறார். மொத்தம் 3.15. பக்கத்து இருக்கைக்காரர் நான்கு வருடமும் ‘பி’யை, அதாவது 3-ஐ, ஒட்டியே ஓட்டியவர். அவருக்கும் 3.15. ஒருவர் ஏறிக்கொண்டிருக்கிறார், மற்றவர் நின்ற இடத்திலேயே நிற்கிறார். சராசரிக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

எம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவற்றுக்குப் பொதுவான விண்ணப்பச் சேவையான ஆம்காஸ், வருடவாரியாகவும் ஜி.பி.ஏ.வைப் பிரித்துக் காட்டுகிறது. உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்குக்கும் தனிச் சராசரி போடுகிறது. ஆகவே பக்கத்தைப் புரட்டிப் பார்ப்பவருக்கு உண்மை தெரியும். சிக்கல், புரட்டுவதற்கு முன்பு இருக்கிறது. ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் குவியும் கல்லூரிகளில் பல, முதல் சுற்றில் எண்ணை வைத்தே தள்ளிவிடுகின்றன. அங்கே உருக்கமான கட்டுரையைப் படிக்க ஆளே இருக்காது.

எண்ணைத் திருத்தவும் எளிதில் முடியாது. வேதியியலில் ‘எஃப்’ வாங்கி, மறுபடி படித்து ‘ஏ’ வாங்கினால், ஆம்காஸ் இரண்டையும் சேர்த்துத்தான் கணக்குப் போடும்: 0-க்கும் 4-க்கும் சராசரி 2. டி.ஓ. எனப்படும் ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளின் விண்ணப்பச் சேவை பழைய மதிப்பெண்ணை அழித்துப் புதியதை ஏற்று வந்தது. 2017-ல் அந்த வாசலும் மூடியது. முதுகலையில் என்ன வாங்கினாலும் அது தனி வரியில் நிற்கும், இளங்கலைச் சராசரியை அசைக்காது. 120 கிரெடிட்டை 2.7-ல் முடித்தவர் இன்னொரு முழு வருடம் இளங்கலைப் பாடங்களே எடுத்து, 30 கிரெடிட்டும் ‘ஏ’யாக வாங்கினாலும் 2.96-தான் வரும். மூன்றைக்கூடத் தொடாது.

இந்தச் சல்லடை நியாயமானதா? சல்லடையே வேண்டாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. 1920-களில் சில கல்லூரிகளில் சேர்ந்தவர்களில் பாதிப் பேர்வரை இடையிலேயே உதிர்ந்தார்கள். எம்கேட்டின் மூதாதையான தேர்வு 1928-ல் புகுந்ததே அதைத் தடுக்கத்தான். ஜி.பி.ஏ.வும் எம்கேட்டும் சேர்ந்து, தனித்தனியாக நின்றால் சொல்வதைவிட நன்றாகவே மருத்துவப் படிப்பின் தேர்ச்சியை முன்கூட்டிச் சொல்கின்றன. இடையில் நின்றுபோகும் மாணவர் கடனோடுதான் வெளியேறுகிறார். அவரை உள்ளே விட்டது கருணை என்று சொல்லிவிட முடியாது.

சல்லடைக்கு எதிராகப் பலரும் எடுத்து வைக்கும் சான்று ஹூஸ்டன் கதை. 1979-ல் டெக்சாஸ் சட்டமன்றம் அங்கிருந்த அரசு மருத்துவக் கல்லூரியின் இடங்களைத் திடீரென்று 150-லிருந்து 200 ஆக உயர்த்தியது. நல்ல விண்ணப்பதாரர்கள் அதற்குள் வேறெங்கோ சேர்ந்துவிட்டிருந்தார்கள். நேர்காணலுக்கு வந்த 800 பேரில், தரவரிசையில் 700-க்குக் கீழே இருந்தவர்களை வைத்து 50 இடத்தை நிரப்பினார்கள். படிப்பிலும் சரி, வார்டிலும் சரி, அவர்களுக்கும் முன்வரிசையினருக்கும் வித்தியாசமே தென்படவில்லை என்று 1987-ல் ஆய்வு வெளிவந்தது. கேட்க இனிமையாக இருக்கிறது. ஆனால் அந்த 800 பேரும் மதிப்பெண் சல்லடையைத் தாண்டி நேர்காணலுக்கு வந்தவர்கள். அந்த ஐம்பது பேரைக் கீழே தள்ளியதில் பெரும்பங்கு நேர்காணல் குழுவின் அபிப்பிராயத்துக்கு. ஆக, கதை நேர்காணலைத்தான் கவிழ்க்கிறது. குறைந்த மதிப்பெண்காரருக்கு அதில் ஆறுதல் இல்லை.

அவருக்கு உதவும் சான்று கலிபோர்னியாவின் டேவிஸ் கல்லூரியில் இருக்கிறது. இருபது ஆண்டுச் சேர்க்கையை அலசிய ஆய்வு 1997-ல் வந்தது. மதிப்பெண்ணைத் தாண்டிய காரணங்களையும் பார்க்கும் சிறப்புப் பரிசீலனையில் சேர்ந்தவர்கள் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு. அவர்கள் அடிப்படை அறிவியல் தேர்வில் கூடுதலாகத் தோற்றார்கள்; இதை மறைக்கக் கூடாது. ஆனால் 94 சதவீதம் பேர் பட்டம் பெற்றார்கள், மற்றவர்களைவிடச் சற்றே குறைவு. பயிற்சி மருத்துவர்களான பிறகு மேலதிகாரிகள் கொடுத்த மதிப்பீட்டில் இரு தரப்பும் ஒன்றுபோலவே இருந்தன. ஒரே கல்லூரி, சிறப்புப் பரிசீலனை பெற்ற எல்லோரும் மதிப்பெண் குறைந்தவர்களும் இல்லை என்ற எச்சரிக்கையோடு சொல்கிறேன்: மதிப்பெண் மருத்துவப் படிப்பின் முதலிரண்டு வருடத் தடுமாற்றத்தைச் சொல்கிறது, நல்ல டாக்டர் யார் என்று சொல்வதில்லை.

இதே டேவிஸ்தான் தனக்கு இடம் மறுத்தது என்று ஆலன் பாக்கி என்ற விண்ணப்பதாரர் உச்ச நீதிமன்றம்வரை போனார், 1978-ல் வென்றார். உயர்ந்த மதிப்பெண்ணின் உரிமைக்காக நடந்த அந்த வழக்கில் அவர் ஜி.பி.ஏ. 3.46. அன்றைய 3.46 இன்றையதைவிடக் கனமானது, மதிப்பெண் வாரி வழங்கும் வழக்கம் பிறகு பெருகிவிட்டது. இருந்தாலும், இன்று அதே எண்ணோடு வந்தால் அவரும் குறைந்தவர் வரிசையில்தான் நிற்பார். 3.46-க்கும் 3.8-க்கும் நடுவே டாக்டர் தகுதி ஒளிந்திருக்கிறது என்று எனக்குச் சான்று காட்டியவர் எவருமில்லை. தரைமட்டம் வைக்கச் சராசரி போதும். வரிசைப்படுத்த அது உதவாது.

மீளும் வழிகளில் டி.ஓ. கல்லூரிகள் மரியாதையான வழி. சேர்பவர்களின் சராசரி 3.6-ஐ ஒட்டியிருக்கிறது, 2020 முதல் மேற்பயிற்சிக்கு எம்.டி.க்கும் டி.ஓ.வுக்கும் ஒரே அங்கீகார முறை. 2024-ல் பயிற்சி இடம் பெற்ற இறுதியாண்டு மாணவர்கள் எம்.டி.யில் 93 சதவீதத்துக்கு மேல், டி.ஓ.வில் 92. வெளிநாட்டில் படித்துத் திரும்பிய அமெரிக்கர்களுக்கு அது 67. குறைந்த மதிப்பெண்காரரை அழைக்கும் கரீபியத் தீவுக் கல்லூரிகளின் விளம்பரத்தை இந்த எண்ணோடு சேர்த்துப் படிக்க வேண்டும். கடைசிவரை வந்து சேராமல் நடுவில் கழன்றவர்கள் இந்த 67-ன் கணக்கிலேயே வருவதில்லை. மருத்துவ மாணவர்களோடு உட்கார்ந்து அதே பாடத்தைப் படிக்கும் சிறப்பு முதுகலை வலுவான நிரூபணம்தான், ஆனால் பல்லாயிரம் டாலர் விலை. அதிலும் ‘பி’ வாங்கினால் கதை அதோடு முடிந்தது. டெக்சாஸ்வாசிகளுக்கு மட்டும் ஒரு விநோதச் சட்டம்: பத்து வருடத்துக்கு முந்தைய பாடங்களை அரசுக் கல்லூரிகளின் கண்ணிலிருந்து மறைத்துவிடலாம். கெட்டதோடு நல்லதும் சேர்ந்தே போகும், பொறுக்கி எடுக்க முடியாது. மற்ற வழியெல்லாம் பணமுள்ளவருக்கு மட்டும் இரண்டாம் வாய்ப்புத் தருகையில், பணத்தைவிடக் காலத்தையே விலையாகக் கேட்கும் இந்த ஏற்பாடு எனக்குப் பிடித்திருக்கிறது.

என் தீர்ப்பு கல்லூரிகளுக்குத்தான் முதலில்: கடைசி 60 கிரெடிட்டின் சராசரியை முதல் சுற்றிலேயே மொத்தச் சராசரிக்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். வருடவாரிக் கணக்கு ஏற்கெனவே உங்கள் கையில் இருக்கிறது. மாணவர்களில், 2.4-லிருந்து 3.9-க்கு ஏறியவர் எம்கேட்டும் கைகொடுத்தால் இந்த ஜூனிலேயே விண்ணப்பிக்கட்டும், டி.ஓ. கல்லூரிகளையும் சேர்த்து. நான்கு வருடமும் ‘பி’யாகவே ஓட்டிய 3.15 இந்த வருடம் விண்ணப்பப் பணத்தைச் சேமித்து, அந்தக் காசில் உயிர்வேதியியலும் உடலியங்கியலும் எடுத்து, முதலில் இரண்டு ‘ஏ’ வாங்கட்டும்.