மரப்பட்டை, பாய், மேடை: சமோவா, டோங்கா கலைகள் பள்ளிக்குள் வரும் வழிகள்

ஆங்கிலம் பேசும் நாடுகளின் தொடக்கப் பள்ளி ஓவிய ஆசிரியர்களிடம் ஒரு பாடம் வெகுகாலமாகப் புழங்குகிறது. மளிகைக்கடையின் பழுப்புக் காகிதப் பையைப் பிரித்து, கசக்கி, தண்ணீரில் நனைத்து, நீவிக் காயவைக்க வேண்டும். சுருக்கம் விழுந்த அந்தத் தாளில் கட்டங்கள் போட்டு, இலை, மீன், நட்சத்திரம் என்று கறுப்பிலும் செம்பழுப்பிலும் வரைய வேண்டும். சுவரில் ஒட்டினால் பசிபிக் தீவுகளின் மரப்பட்டைத் துணி போலவே இருக்கும். பிள்ளைகளுக்கு மகிழ்ச்சி, பள்ளிக்கும் செலவில்லை. இந்தப் பாடத்தை நான் ஏளனம் செய்ய மாட்டேன். பெயரே கேள்விப்படாத ஒரு தீவு அன்றைக்கு அந்தப் பிள்ளையின் கைக்கு வந்துபோகிறது. ஆனால் வருவது வடிவம் மட்டும்தான். சமோவாவிலும் டோங்காவிலும் ஒரு துணியோ பாயோ ஆட்டமோ யார் கையால், யாருக்கு, எந்த நாளில் போய்ச் சேருகிறது என்பதில்தான் அதன் மதிப்பே இருக்கிறது. அந்த மறுபாதியை எந்தப் பள்ளி உள்ளே கொண்டுவருகிறது, எது வாசலிலேயே விட்டுவிடுகிறது என்பதை வைத்தே இந்தத் துறையை இங்கே பார்க்கிறேன்.

முதலில் துணி. சமோவாவில் அதற்குச் சியாபோ என்று பெயர். டோங்காவில் வண்ணமிட்டு முடித்த துணி ஙாட்டு. இரண்டுக்கும் மூலப்பொருள் காகித மல்பெரி மரத்தின் உட்பட்டை. ஆள் உயரத்துக்கு மேல் வளர்ந்த இளந்தண்டை வெட்டி, பட்டையை உரித்து, வெளித்தோலை நீக்கி, உள்ளிருக்கும் வெள்ளை நாரை மரக்கட்டைமேல் வைத்துத் தட்டித் தட்டி விரிப்பார்கள். கையகல நார் பல மடங்கு அகலமாகும். துண்டுகளைக் கிழங்குப் பசையால் ஒட்டிப் பெரிதாக்குவார்கள். செம்பழுப்புச் சாயம் ஒரு மரத்தின் பட்டையிலிருந்து வருகிறது. டோங்காவில் கோக்கா என்று சொல்லப்படும் அந்த மரம் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் சோழவேங்கை என்ற பெயரில் நிற்கிறது.

வண்ணமிடுவதில் இரு தேசங்களும் பிரிகின்றன. சமோவாவில் செதுக்கிய பலகைமேல் துணியை விரித்துத் தேய்த்து வடிவத்தை எடுப்பது ஒரு முறை. உலர்ந்த தாழம்பழக் கொட்டையைத் தூரிகையாக வைத்துக் கையால் வரைவது இன்னொரு முறை. பலாப்பழத்துக்கு உறவான ஈரப்பலாவின் இலை, தாழையிலை, நட்சத்திர மீன், சங்கு, பறவைக் காலடி என்பவை அங்கே திரும்பத் திரும்ப வரும். டோங்காவில் இது கூட்டு வேலை. குப்பேசி என்னும் வடிவப் பட்டிகளை நீண்ட வளைந்த பலகையில் கட்டிவைத்து, இருபுறமும் பெண்கள் உட்கார்ந்து, துணியை நகர்த்தி நகர்த்திச் சாயம் தேய்ப்பார்கள். 50 பகுதி நீளமுள்ள ஙாட்டுக்கு லாவுநிமா என்று பெயர். 1965இல் நியூசிலாந்தின் ஆக்லாந்தில் காலமான டோங்கா அரசி சாலோட்டே டூப்போவின் இறுதிச் சடங்கோடு தொடர்புடைய ஒரு லாவுநிமா இன்று வெல்லிங்டனின் டே பாப்பா அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பழுப்புத்தாள் பாடம் தவறவிடும் இன்னொன்று, இந்த வடிவங்கள் பழமையில் உறைந்துபோனவை அல்ல என்பது. அரண்மனைக்குப் போகும் சாலையோர ஊசியிலை மரங்கள் டோங்காத் துணியில் ஏறியிருக்கின்றன. இரண்டாம் உலகப் போரில் டோங்கா மக்கள் பணம் திரட்டி வாங்கிக்கொடுத்த ஸ்பிட்ஃபயர் விமானங்களும் ஏறியிருக்கின்றன. தன் ஊரில் நடந்ததைத் துணியில் பதியலாம் என்று தெரிந்தால், பத்து வயதுப் பிள்ளை மீனையும் நட்சத்திரத்தையும் நகலெடுத்துக்கொண்டிருக்காது. இதைச் சொல்லிக்கொடுக்கத் தாளே போதும், காசு வேண்டாம்.

இனித் தீவுகளுக்குள் போவோம். அங்கே பள்ளிக்கும் கலைக்கும் உள்ள உறவு இணக்கமாகத் தொடங்கவில்லை. சமோவாவுக்கு 1830இல் லண்டன் மிஷனரி சங்கத்தின் ஜான் வில்லியம்ஸ் வந்தார். அவரைத் தொடர்ந்த போதகர்கள் இரவு ஆட்டங்களையும் பச்சை குத்துவதையும் ஒழிக்க முயன்றார்கள். டோங்காவின் 1850ஆம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு நடனத்தையே தடைசெய்தது. எழுத்தைக் கொண்டுவந்த அதே கைதான் ஆட்டத்தை நிறுத்தச் சொன்னது. ஆனால் கதை அத்தோடு நிற்கவில்லை. 1866இல் ஜேம்ஸ் ஈகன் மௌல்டன் என்ற மெதடிஸ்ட் போதகர் டோங்காவில் டூப்போ கல்லூரியைத் தொடங்கினார். மாணவர்கள் சேர்ந்திசை பாட வசதியாக, சுரங்களை 3 முதல் 9 வரையான எண்களால் எழுதும் முறையொன்றை அமைத்தார். அந்த எண் சுரம் இன்றும் டோங்காத் தேவாலயங்களில் பாடப்படுகிறது. தடைபட்ட பழைய ஆட்டங்களின் எலும்பின் மேல் லாக்கலாக்கா என்ற புதிய வடிவம் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது.

லாக்கலாக்காவைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். ஆண்களும் பெண்களும் நூற்றுக்கணக்கில் வரிசை வரிசையாக நின்று, பாடிக்கொண்டே, கைகளால் பொருள் காட்டி ஆடுவது இது. பாடல், இசை, அசைவு மூன்றையும் அமைப்பவர் ஒருவரே. அவருக்குப் புனாக்கே என்று பெயர். சாலோட்டே அரசியே பெரும் புனாக்கே. பாடல் நேராகப் பேசாது. தலைவரைப் பூவாகவும், குலத்தைக் காற்றாகவும், ஊரைக் கடற்கரையாகவும் சொல்லிப் போகும். கேட்பவர்தான் உள்ளே இருப்பதை எடுத்துக்கொள்ள வேண்டும். சங்கப் பாட்டின் உள்ளுறையைப் படித்த தமிழ் வாசகருக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. 2003இல் யுனெஸ்கோ லாக்கலாக்காவை மானுடத்தின் வாய்மொழி மரபுச் சிறப்புகளுள் ஒன்றாக அறிவித்தது. கூட்டாக அமர்ந்து கையசைவால் ஆடும் மாஉலுஉலு, வேறொரு தீவிலிருந்து வந்த போர் ஆட்டமான கைலாவோ ஆகியவையும் அங்கே உண்டு. அரச குடும்ப விழாக்களில் பள்ளிப் பிள்ளைகள் பெருந்திரளாக உட்கார்ந்து மாஉலுஉலு ஆடுவது டோங்காவில் வழக்கம். அங்கே இதைத் தனிப் பாடமாக யாரும் நினைப்பதில்லை. அரசர் முன் ஆடும் நாள் ஒன்று இருக்கிறது, அதற்குத் தயாராகிறார்கள், அவ்வளவுதான். சீருடையிலேயே கலை இருக்கிறது. இடுப்பில் சுற்றிக் கட்டும் தஒவாலா என்ற பாயை அணிந்தே பல பள்ளிகளின் மாணவர்கள் வகுப்புக்கு வருகிறார்கள்.

சமோவாவின் தனிச் சொத்து ஈயே சமோவா என்னும் நுண்பாய். தாழையினத்தின் இலையைப் பதப்படுத்தி, மில்லிமீட்டர் கணக்கில் மெல்லிய இழைகளாகக் கிழித்துப் பின்னுவார்கள். பட்டுப்போல மடியும். விளிம்பில் சிவப்பு இறகுகள் இருக்கும். ஒன்று முடிய மாதங்கள் ஆகும், சிறந்தது என்றால் ஆண்டைத் தாண்டும். அதில் யாரும் படுப்பதில்லை. திருமணம், சாவு, பட்டமேற்பு, மன்னிப்பு ஆகியவற்றில் அது கைமாறும். யுனெஸ்கோவின் பட்டியலில் 2019இல் அது சேர்ந்தது. இடையில் ஒரு காலத்தில் பெரியதும் கரடுமுரடானதுமான பாய்கள் பெருகி மதிப்பு இறங்கியபோது, அரசும் பெண்கள் அமைப்புகளும் நுண்பின்னலை மீட்க முயன்றன. பின்னும் பெண்கள் ஒன்றுகூடும் கூடம்தான் இந்தக் கலையின் உண்மையான வகுப்பறை. அங்கே சிறுமி முதலில் இலை கிழிக்கிறாள், பிறகு ஓரம் பிடிக்கிறாள், பின்னல் கடைசியில் வருகிறது. நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் அடங்காத வரிசை இது. அதனால் பள்ளிப் புத்தகத்தில் பாய் ஒரு படமாக நின்றுவிடுகிறது.

இப்போது கடல் கடந்து ஆக்லாந்து. 2023 கணக்கெடுப்பில் நியூசிலாந்தில் சமோவா மரபினர் இரண்டு லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள்; டோங்கா மரபினர் ஒரு லட்சத்தை நெருங்கியிருந்தார்கள். டோங்கா நாட்டின் மக்கள்தொகையே ஏறத்தாழ அவ்வளவுதான். இரு தேசங்களின் கலைக்கல்வியும் இன்று மிகத் தீவிரமாக நடக்கும் இடம் தீவுகளுக்கு வெளியே, இந்த நகரத்தின் தெற்குப் புறத்தில் இருக்கிறது. 1976இல் அங்குள்ள ஓட்டாராவின் ஹிலாரி கல்லூரியில் நான்கு பள்ளிகளோடு ஒரு கலைவிழா தொடங்கியது. அது வளர்ந்து இன்று பாலிஃபெஸ்ட் என்ற பெயரில் 60க்கு மேற்பட்ட பள்ளிகள் போட்டியிடும் திருவிழாவாகியிருக்கிறது. சமோவாவுக்கு ஒரு மேடை, டோங்காவுக்கு ஒரு மேடை. மாவோரி, குக் தீவுகள், நியூவே, பல்தேச மேடை என்று வேறும் உண்டு.

தொடங்கிய ஆண்டைக் கவனியுங்கள். 1970களின் நடுவில்தான் நியூசிலாந்துக் காவல்துறை விசா முடிந்த பசிபிக் தீவினரைத் தேடி விடியற்காலையில் வீடுகளில் புகுந்தது. தன் அடையாளம் குற்றமாகப் பார்க்கப்பட்ட காலத்தில் பிள்ளைகள் அதே அடையாளத்தை மேடையில் ஏற்றினார்கள். 2021 ஆகஸ்ட் 1 அன்று அப்போதைய பிரதமர் ஜசிண்டா ஆர்டெர்ன் ஆக்லாந்தில் அந்தச் சோதனைகளுக்கு முறைப்படி மன்னிப்புக் கேட்டார். அந்த நிகழ்ச்சியில், சமோவா மரபில் மன்னிப்புக் கேட்பவரைப் போர்த்தும் முறைப்படி, அவர்மேல் பாய் போர்த்தப்பட்டது. பாய் எதற்கு என்று மாணவர்களுக்கு விளக்க இதைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. அந்த ஒளிப்படத்தைச் சமோவாக் கலை பற்றிய எல்லா வகுப்பிலும் காட்ட வேண்டும்.

பாலிஃபெஸ்டுக்கு வாரக்கணக்கில் ஒத்திகை நடக்கும். பள்ளி விட்ட பிறகு கூடத்தில் தரையில் உட்கார்ந்து சாசா என்ற ஆட்டம் பழகுவார்கள். சுருட்டிய பாயில் அடிக்கும் தாளத்துக்கு நூறு கைகள் ஒன்றாக எழும். பையன்கள் மார்பிலும் தொடையிலும் அறைந்து ஆடும் ஃபாஅடாவ்பாட்டி பயில்வார்கள். அம்மாக்களும் அத்தைகளும் உடை தைக்க, மாமன்கள் மேளம் அடிக்க, பாட்டிகள் சொல் திருத்த வந்துவிடுவார்கள். இங்கே பள்ளி குடும்பத்துக்கு இடம் கொடுக்கிறது. குடும்பம் வந்ததால் மொழியும் வருகிறது. ஆடுவதற்குப் பாட்டின் பொருள் தெரிய வேண்டுமே!

ஆனாலும் எல்லாம் சரியாகிவிடவில்லை. சமோவா நிகழ்ச்சியின் கடைசியில் வரும் டௌவலுங்கா, தலைவரின் மகளோ மகனோ ஆட வேண்டியது. டோங்கா வரிசையின் நடு இடமும் பிறப்பால் வருவதே. ஆக்லாந்துப் பள்ளியில் குலவரிசை கிடையாது. நன்றாக ஆடுபவளை அங்கே நிறுத்துகிறார்கள். இது மரபுமீறல் என்று முணுமுணுப்பவர்கள் உண்டு. என் பார்வையில் இது மரபு தன்னைத் தக்கவைத்துக்கொள்ளும் விதம். எனக்கு உறுத்துவது வேறு. நடுவர் மதிப்பெண் போடுவதால் வேகமும் ஒருமிப்பும் கூடி, பாட்டின் மறைபொருள் பின்னுக்குப் போகிறது. டோங்காவில் தனியாக ஆடும் பெண்ணின் எண்ணெய் பூசிய தோளில் உறவினர்கள் பணத்தாளை ஒட்டுவது வழக்கம். அது பாராட்டும் காணிக்கையும் கலந்தது. மதிப்பெண் அட்டையில் அதற்கு இடமில்லை.

இந்தச் சிக்கலை முன்பே சிந்தித்தவர் கொனாய் ஹேலு தாமன். டோங்காவில் பிறந்த கவிஞர், தென் பசிபிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்தவர். கல்விக்கு அவர் காக்கலா என்ற மாதிரியை முன்வைத்தார். காக்கலா என்றால் மணப்பூவும் அதில் கட்டிய மாலையும். பூப்பறித்தல், மாலை தொடுத்தல், அதை இன்னொருவருக்குக் கொடுத்துவிடுதல் என்று அதற்கு மூன்று படிகள். மூன்றாவதுதான் முக்கியம். தனக்கென்று வைத்துக்கொள்ளாமல் கொடுத்தால்தான் கற்றது முடிவடைகிறது என்று ஒரு கல்விக் கோட்பாடு துணிந்து சொல்வது அரிது. பழுப்புத்தாள் பாடத்தில் தொடுத்தல் மட்டும் உண்டு. பிள்ளையின் படம் மதிப்பெண் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்ப் பெட்டியில் கிடக்கும்.

பச்சை குத்தலைப் பற்றி ஒரு வார்த்தை. ஆண்களுக்கு இடுப்பிலிருந்து முழங்கால்வரை குத்தும் பெஅ, பெண்களுக்குத் தொடையில் குத்தும் மாலு ஆகியவை சமோவாவின் பெருமைகள். முழங்காலின் பின்புறம் வரும் ஒரு வைர வடிவத்துக்கும் மாலு என்றே பெயர். வலியைத் தாங்கி, குடும்பம் கூட இருந்து, குத்தும் விற்பன்னருக்குப் பாயும் உணவும் கொடுத்துப் பெறுவது அது. 2013இல் நைக்கி நிறுவனம் பெஅ வடிவத்தைப் பெண்களின் கால்சட்டையில் அச்சிட்டு, எதிர்ப்பு வந்ததும் விற்பனையை நிறுத்தியது. வகுப்பில் மார்க்கர் பேனாவால் கையில் வரைந்து விளையாடுவதும் அதே தவறின் சின்ன வடிவம்தான். இந்தக் கலையைப் பற்றிப் பேசலாம், குத்திக்கொண்டவரை அழைத்துக் கேட்கலாம், வரைய வேண்டாம்.

ஆக, ஆட்டமும் பாட்டும் பள்ளியில் நன்றாகவே பிழைத்துவிட்டன. பாய் வீட்டையும் கிராமக் கூடத்தையும் நம்பி நிற்கிறது. மிகவும் பலவீனமாக இருப்பது சமோவாவின் மரப்பட்டைத் துணி. டோங்காவில் பெண்கள் இன்றும் பெருமளவில் செய்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் சமோவாவில் செய்யும் குடும்பங்கள் சிலவே. அமெரிக்கச் சமோவாவின் லியோனே ஊர்ப் பெண்களிடம் கற்ற மேரி பிரிட்சர்ட் 1984இல் இதைப் பற்றி ஒரு நூலே எழுதிவைத்தார். நூலால் நார் கிடைக்காது. நியூசிலாந்தின் குளிரில் இந்த மரம் சரியாக வளராது; மாவோரிகள் கொண்டுவந்த மரங்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அழிந்துவிட்டன. ஆக்லாந்தின் டோங்காப் பெண்கள் செயற்கைத் துணியைச் சேர்த்துச் சமாளிக்கிறார்கள்.

தீவுப் பள்ளிகளுக்கு அந்தத் தடை இல்லை. வேரிலிருந்து கிளைக்கும் கன்றைப் பிடுங்கி நட்டாலே இந்த மரம் பிழைத்துவிடும்; ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் தண்டு வெட்டத் தயாராகும். ஒன்பதாம் வகுப்பில் நட்டவர்கள் பத்தாம் வகுப்பில் தட்டி எடுக்கலாம். சமோவாவின் கல்வித் துறை புதிய பாடநூல் அச்சிடும் முன், ஒவ்வொரு பள்ளித் தோட்டத்திலும் ஒரு வரிசை காகித மல்பெரிக்கு இடம் ஒதுக்கட்டும். முதலில் வரும் துணியை அந்த ஊரின் மூத்த பெண்ணுக்குப் பிள்ளைகளே கொண்டுபோய்க் கொடுக்கட்டும்.