ரெண்டு கணக்கு, ஒரு மோட்டார்: பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடம் பற்றி

தமிழ்நாடு அரசின் 10-ஆம் வகுப்பு அறிவியல் புத்தகத்தில் 'மின்னோட்டவியல்' அலகு மோசமான பாடம்னு சொல்ல முடியாது. வோல்ட்டை ஆம்பியரால் வகுத்தால் மின்தடை, பெருக்கினால் திறன். 1 குதிரைத்திறன் 746 வாட். எல்லாம் இருக்கு. எந்தக் கணக்கு எந்தக் கருவிக்குப் பொருந்தும் என்பதில்தான் எனக்குக் குறை.

ஹீட்டரை எடுத்துக்குவோம். 230 வோல்ட், 1000 வாட். மின்தடை சுமார் 53 ஓம். வோல்டேஜ் 180-க்கு இறங்கினால் மின்னோட்டம் 4.3-லிருந்து 3.4 ஆம்பியராகக் குறையும், திறன் 600 வாட் அளவில் நிற்கும். தண்ணி சூடாக நேரமாகும், அவ்வளவுதான். புத்தகம் சொன்னபடியே நடக்கும்.

இப்போ வேடசந்தூர், ஒட்டன்சத்திரம் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வாங்க. போர்வெல்லில் 5 குதிரைத்திறன் சப்மெர்சிபிள், 415 வோல்ட்டில் 8 ஆம்பியர் இழுக்குதுன்னு வைப்போம். மும்முனை மின்சாரம் வந்ததும் ஒரே டிரான்ஸ்பார்மரில் எல்லா மோட்டாரும் ஓட ஆரம்பிச்சா வோல்டேஜ் 340-க்கு இறங்கும். பாடத்தின் முதல் கணக்குப்படி ஆம்பியர் குறையணும். ஆனா ஏறும். கிணத்தின் ஆழம் மாறலை, ஏத்த வேண்டிய தண்ணியும் பெரிசா குறையலை. வேலை ஏறத்தாழ அதேதான். வோல்ட் குறைஞ்சதை ஆம்பியர் ஈடுகட்டும், கிட்டத்தட்ட 9.8 வரை. அதாவது பாடத்தின் ரெண்டாவது கணக்கு முதல் கணக்குக்கு நேர் எதிரான விடையைத் தருது. அடுத்தடுத்துப் படிக்கிற பையன் இதைக் கவனிக்க வழியே இல்லை.

இது பரீட்சையோட முடியற விஷயம் இல்லை. காயிலில் உண்டாகும் சூடு மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறும். 8-லிருந்து 9.8-னா ஒன்றரை மடங்கு. ஸ்டார்ட்டரில் ஓவர்லோட் ரிலே டிரிப் ஆகுது. "வோல்டேஜே இல்லை, இது எதுக்கு விழுது? ரிலேதான் கோளாறு"னு செட்டிங்கை ஏத்தி வைப்பாங்க. முதல் கணக்கை மட்டும் நம்பினால் அது நியாயமான முடிவுதான்! அப்புறம் காயில் போகும். போரிலிருந்து பைப்பைத் தூக்கணும், ரீவைண்டிங் செலவு, அதுவரைக்கும் பயிர் காயும்.

415-ஐ 8-ஆல் வகுத்தால் 52 ஓம். ஹீட்டருக்கு வந்த அதே அளவு, தற்செயல்தான். ஆனா மோட்டாரை நிறுத்தி மீட்டர் வெச்சுப் பார்த்தால் காயில் சில ஓம்தான் காட்டும். மீதி, மோட்டார் ஓடும்போது உண்டாகும் எதிர் மின்னழுத்தத்தின் வேலை. அதை மின்தடைன்னு எழுதினால் தப்பு.

பெருக்கலிலும் சிக்கல் உண்டு. 415-ஐ 8-ஆல் பெருக்கினால் 3320 வாட். 5 குதிரைத்திறனோ 3730. உள்ளே போறதைவிட வெளியே வர்றது அதிகமாம்! மும்முனைக்கான 1.732-ஐயும், திறன் காரணி 0.8-ன்னு வைத்து அதையும் பெருக்கினால்தான் 4600 வாட் வரும். திறன் காரணி பன்னிரண்டாம் வகுப்பு இயற்பியலில் வருது. பத்தோட நின்னவருக்கும் காமர்ஸ் எடுத்தவருக்கும் அது கிடைக்காது. இலவச மின்சார இணைப்பு பெரும்பாலும் மீட்டர் இல்லாதது என்பதால், ஓடின யூனிட்டைப் பார்த்துக் கணக்கைச் சரிபார்க்கவும் வழி கிடையாது.

திறன் காரணியைப் பத்தாம் வகுப்பில் திணிக்கச் சொல்லலை. பயிற்சிக் கணக்குகளுக்கு நடுவே ஒன்றே ஒன்று போதும்: ஹீட்டருக்கும் பம்புக்கும் வோல்டேஜ் குறையும்போது எடுத்த ஆம்பியர் அளவுகள் பக்கத்துப் பக்கத்துல, கீழே ஒரு கேள்வி: எதுல மின்தடை கண்டுபிடிக்கலாம்?