மணிமேகலையில் அறமும் தன்மமும்

தருமம் என்னும் வடசொற்கு நேர் தமிழ் அறம் என்ப. அதுபற்றி, வைதிகரும் பௌத்தரும் தருமம் எனக் கூறுவது ஒரு பொருளே என்று கொள்வாரும் உளர். சொல்லொருமை பற்றிப் பொருளொருமை கோடல் பொருந்தாது, என்னை? பௌத்த காப்பியமாகிய மணிமேகலையே அதனை மறுத்து நிற்றலின்.

புண்ணியராசனுக்கு அறத்தின் இயல்பு கூறுமிடத்து, உயிர்கட்கு உணவும் உடையும் உறையுளும் அளித்தலே அஃதென்கின்றாள் மணிமேகலை. இஃது எச்சமயத்தார்க்கும் உடன்பாடு. அறவண அடிகள் 12 நிதானங்களை உணர்த்துமிடத்தோ, அறம் என்பது புத்தர் அருளிய நெறியாகும். அளவை கூறும் 29-ஆம் காதையில் சாத்தனார் அறம் என்னாது தன்மம் என்றே வழங்குவர். ஒலி நிலையாதது என்புழி, ஒலி தன்மி. நிலையாமை அதன் தன்மம். ஈண்டு அறம் எனப் பெயர்ப்பின் பொருளே கெடும். சொல்லாட்சியில் இத்துணை விழிப்புடைய புலவர் சிலரே.

வடமொழிப் பௌத்த நூல்களில் இன்னுமொரு பொருள் உண்டு. சருவாத்திவாதர் உள்ளன யாவற்றையும் 75 தருமங்களாகவும், யோகாசாரர் 100 தருமங்களாகவும் பகுப்பர். இவற்றுட் பெரும்பாலன கணந்தோறும் தோன்றிக் கெடுவன. இவற்றின் வேறாய் உயிரென ஒன்று இல்லை என்பது அவர் துணிபு. அங்ஙனமாயின், அறஞ்செய்தான் ஒருவன், பயன் நுகர்வான் பிறனோ? 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சிவஞான சித்தியார், பரபக்கத்திற் பௌத்தரை மறுக்குங்கால் இக்கணபங்கத்தையே பற்றுகின்றது. பௌத்தர் விடையிலர் அல்லர். பால் தயிராதல் போலத் தொடர்ச்சி உண்டு, அது போதும் என்பர். எளிதில் தள்ளத்தக்க விடையன்று அது. ஆயினும், அத்தொடர்ச்சியை அறிந்து பயனைக் கூட்டுவார் யாவர் என்னும் வினா எஞ்சும்.

இது கேட்டு வைதிகர் மகிழ்தற்கில்லை. வேதவிதியால் அறியப்படுவதே தருமம் எனச் சைமினியார் வகுத்தார். அவர்வழி வந்த மீமாஞ்சகர், வினையானது அபூருவம் என்னும் ஆற்றலாய் நின்று தானே பயன் தரும் என்றனர். பயனளிக்க இறைவனை வேண்டிலர். ஆகவே இவ்வொன்றில் அவரும் பௌத்தரும் ஒரு கரையினர். பரபக்கம் மறுக்கும் 14 மதங்களுள் பட்டாசாரியன் மதமும் பிரபாகரன் மதமும் இடம்பெறுதல் ஈண்டுக் கருதத்தக்கது. வினை சடம், தன்னைச் செய்தானை அறியாது, ஆகலின் கூட்டுவிக்கும் இறைவன் வேண்டும் என்பது சித்தாந்தம். இந்து தருமம், பௌத்த தருமம் என இரண்டாய் நிறுத்தி ஒப்பிடுவார் இவ்வெல்லையைக் காணாது போகின்றனர்.

வஞ்சிமாநகரிற் சமயக்கணக்கரை வினவிய மணிமேகலை, சைவவாதி தன் இறைவனியல்பு கூறக் கேட்டும், வினையைக் கூட்டுவார் யாவர் என அவனை வினவிற்றிலள், பிரமவாதிபாற் சென்றுவிட்டாள்.