உடைந்த பரப்பைப் படிக்கும் கலை

பல்லில் வைக்கும் வெள்ளை அடைப்பைப் பிடித்துவைத்திருப்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு பசைப் படலம். எந்தப் பசை நன்றாகப் பிடிக்கிறது என்று ஆய்வகத்தில் ஒப்பிட்டுப் பார்க்கும் முறையில் ஒரு நேர்த்தி உண்டு. நிதானமாக நின்று ரசிக்க வேண்டிய நேர்த்தி அது.

பல்லின் மேலோடான எனாமல், எடையில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள். 1955-ல் அமெரிக்கப் பல் மருத்துவ ஆய்வாளர் மைக்கேல் புவனோகோர், பாஸ்பாரிக் அமிலம் தடவிய எனாமலில் அக்ரிலிக் ரெசின் உறுதியாக ஒட்டுவதைக் காட்டினார். அமிலம் நுண்குழிகளை அரிக்கிறது. ரெசின் அவற்றில் இறங்கி இறுகிக்கொள்கிறது. உள்ளே இருக்கும் டென்டின் அவ்வளவு எளிதில் இடம்கொடுப்பதில்லை. அது ஈரமானது, கொலாஜன் இழைகள் பின்னியது, ஒரு சதுர மில்லிமீட்டரில் பல்லாயிரம் நுண்குழாய்கள் ஓடுவது. அமிலம் பட்ட டென்டினை அதிகம் உலர்த்தினால் கொலாஜன் வலை சுருங்கிப் படுத்துவிடும், பசை உள்ளே போக வழியிராது. பூக்கட்டுபவர் வாழைநாரை நனைத்து வைத்துக்கொள்வதுபோல இங்கும் அளவான ஈரம் வேண்டும். பசை அந்த வலைக்குள் ஊடுருவி, பாதி பல்லும் பாதி ரெசினுமாக ஒரு கலப்பு அடுக்கு உருவாவதை 1982-ல் ஜப்பானின் நோபுவோ நகபயாஷியும் அவருடன் பணியாற்றியவர்களும் விளக்கினார்கள். சில மைக்ரான் கனமே உள்ள அந்த அடுக்கில்தான் போட்டி நடக்கிறது.

பசைகளை ஒப்பிட, பிடுங்கிய கடைவாய்ப் பற்களை எடுத்து, எனாமலைச் சீவி, டென்டினைத் தட்டையாக்குகிறார்கள். அடுத்து 600 எண் உப்புத்தாளால் தேய்க்கிறார்கள். மருத்துவரின் துளைப்பான் விட்டுச்செல்லும் துகள்படலத்தை எல்லாப் பற்களிலும் ஒரே சீராக உண்டாக்கத்தான் இந்தத் தேய்ப்பு. பிறகு பசை, அதை இறுக்கும் ஒளி, அதன்மேல் ரெசின் அடைப்பு. 37 டிகிரி நீரில் ஒரு நாள் ஊறிய பல்லை, வைர வாளால் ஏறத்தாழ ஒரு மில்லிமீட்டர் சதுரக் குச்சிகளாக அறுக்கிறார்கள்.

இந்தச் சிறிய அளவில் ஓர் அறிவுக்கூர்மை இருக்கிறது. பெரிய பரப்பில் குறைகளும் அதிகம், விசையும் சமமாகப் பரவாது. ஒட்டு தாங்கி நிற்க, டென்டினே முதலில் முறிந்துபோவதும் உண்டு. அப்போது அளந்தது பசையின் பலம் ஆகாது. 1994-ல் ஹிதெஹிகோ சானோவும் உடன் ஆய்வாளர்களும் பரப்பைச் சுருக்கி, பெரும்பாலும் ஒட்டிலேயே முறிவு நிகழும்படி செய்தார்கள். ஒரே பல்லிலிருந்து பல குச்சிகளும் கிடைத்தன.

குச்சியின் இரு முனைகளையும் பிடித்து இழுக்கும் கருவி, அது உடைந்ததும் மெகாபாஸ்கலில் ஓர் எண்ணைத் தருகிறது. எனக்குப் பிடித்த கட்டம் அதற்குப் பிறகு வருகிறது. உடைந்த இரு முகங்களையும் நுண்ணோக்கியில் வைக்கிறார்கள். பசைக்கும் பல்லுக்கும் நடுவே பிரிந்ததா, டென்டினுக்குள் முறிந்ததா, ரெசினுக்குள் முறிந்ததா, இவை கலந்து நிகழ்ந்ததா? ஒரே எண்ணைத் தரும் இரண்டு குச்சிகள் இங்கே இரண்டு வேறு செய்திகளைச் சொல்லும்.

அடுத்தது காலத்தின் சோதனை. ஐஸ்கிரீமுக்கும் சூடான காப்பிக்கும் ஈடாக, 5 டிகிரி நீரிலும் 55 டிகிரி நீரிலும் மாறி மாறி ஆயிரக்கணக்கான முறை முக்குகிறார்கள். சில்வர் நைட்ரேட்டில் ஊறவைத்து, பசை நிரம்பாத நுண்ணிடங்களில் வெள்ளி படிவதை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்க்கிறார்கள். முதல் நாள் வெற்றிபெற்ற பசை ஒன்று இங்கே தோற்கலாம். எல்லாவற்றையும் ஒரே குப்பியில் அடக்கிய பசைகள் பலவற்றைவிட, படிப்படியாகப் பூசும் பழைய முறைகள் பொதுவாக நீடித்து நிற்பது தெரியவந்தது இப்படிப்பட்ட ஒப்பீடுகளால்தான்.

ஆகவே, அடுத்த முறை பல் மருத்துவர் பஞ்சை மாற்றி, பசையை மெதுவாகத் தேய்த்து, காற்றை ஊதி, விளக்கைப் பிடிக்கும்போது அவசரப்படுத்தாதீர்கள். அடைப்பின் ஆயுளில் அந்தச் சில நிமிடங்களுக்குப் பெரும் பங்கு உண்டு.