மாடித் தோட்டத்து முதற் பழம்

மதுரைக் கோரிப்பாளையத்தின் நெருக்கமான வீதிகளுக்கு மேலே, தர்காவின் குவிமாடம் கண்ணில் படும் மொட்டைமாடியில், தை மாதத்தில் நட்ட தக்காளி நாற்றுகள் பங்குனி வெயிலின் உக்கிரத்தையும் பொறுத்துக்கொண்டு முதற் பழத்தைத் தரும்போது உண்டாகும் ஆனந்தம், சந்தையில் எத்தனை கூடை வாங்கினாலும் கிட்டுவதில்லை.

எங்கள் மாடியில் நிற்பவை, அன்னஞ்சி என்னும் உள்ளூர் ரகத்திலிருந்து பெரியகுளத்தில் உருவாக்கப்பட்டு 1978-இல் வெளியிடப்பட்ட பி.கே.எம்.1 செடிகள். சற்றே தட்டையாக உருண்ட அவற்றின் காய், கீழ்ப்புறம் முழுவதும் சிவந்த பிறகும் காம்பைச் சுற்றிய தோளில் மட்டும் பச்சையைப் பிடிவாதமாக வைத்துக்கொண்டிருக்கும். நெடுந்தூரம் லாரியில் போவதற்கென்றே கெட்டித் தோலுடன் வளர்க்கப்படும் ஒட்டு ரகங்களின் ஒரே சீரான சிவப்பைவிட, இந்தப் பச்சைத் தோளே எனக்கு அழகு. இலையிலும் தண்டிலும் உள்ள நுண்மயிர்களின் சுரப்பு விரல்களில் மஞ்சளும் பச்சையுமாகப் படிந்து, கழுவியும் எளிதில் போகாமல் கமழ்கின்ற காட்டமான வாசனையும் பெரிய சுகந்தமே.

இரவின் உஷ்ணம் மிகுந்துவிட்டால் பூக்கள் பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடுமாதலால், அழகர் வைகையில் இறங்கும் சித்திரைக்குள் கிடைத்ததே லாபம்.

முதற் பழத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைப்பது அபசாரம். குளிர்ச்சியில் அதன் மணம் குன்றிவிடும். வெயிலின் சூடு மேனியில் இருக்கும்போதே நறுக்கி, சிறிது உப்புத் தூவி, விதையோடு ஒழுகும் புளிப்புச் சாற்றைச் சிந்தாமல் உண்ணவேண்டும். ரசத்துக்கும் தொக்குக்கும் அடுத்த பறிப்புப் பழங்கள் போதும்.